புளியங்கொட்டை விமானி

சென்ற ஆண்டு பள்ளிக்கூட விடுமுறையில் மகனையும் கூட்டிக்கொண்டு நயினாதீவுக்குப் போனேன். உம்மாவின் வழியில் ஒரு குடும்பம் அங்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, மண்கும்பான், வேலணை என்று போகிற பஸ், கடலின் நடுவே போட்ட நீண்ட வீதியால் புங்குடுதீவுக்குள் நுழைந்து, மேற்கு முனையில் குறிகட்டுவானில் நின்றுவிடும். அதற்கு மேல் வீதி இல்லை. நெடுந்தீவுக்குப் போகிறவரும் நயினாதீவுக்குப் போகிறவரும் அந்த இறங்குதுறையில்தான் காத்திருக்க வேண்டும். அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போகிற சனம் அன்று நிறைய. எங்கள் முறை வர ஒரு மணித்தியாலமாகும் என்றார்கள்.

துறையடியில் விளையாட்டுச் சாமான்கள் பரப்பியிருந்த ஒருவரிடம் மகன் நின்றுவிட்டான். அவன் கையில் எடுத்தது ஒரு ஜெட் விமானம். மூக்கை மடித்து, வாலைப் பிரித்துக் காலாக்கினால் மனித உருவம் எழுந்து நிற்கும். மலிவான போலிச் சாமான். பெட்டியில் பெயர்கூடச் சரியாக இல்லை. மகனுக்குப் பெட்டி தேவைப்படவில்லை.

"வாப்பா, இது ஸ்டார்ஸ்க்ரீம். கெட்டவன்."

"பிளேன் எப்பிடி மகன் கெட்டதாகும்?"

"பிளேன் இல்ல வாப்பா. அவன்."

நான் சொன்னது "அது". அவன் சொன்னது "அவன்". இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் முப்பத்தைந்து வருடமாக எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். விளையாட்டுச் சாமானைப் பற்றி இலக்கிய இதழில் எழுதுவதா என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

எனக்கும் ஒரு ஸ்டார்ஸ்க்ரீம் இருந்தது. 1987இல் ஜித்தாவில் சாரதியாக இருந்த மாமா லீவில் வந்தபோது கொண்டுவந்தார். எனக்கு ஏழு வயது. சாம்பல் உடலும் சிவப்பும் நீலமுமாக, கையில் எடுத்தால் பாரம் தெரியும். சில பாகங்கள் உலோகம். கைமுட்டிகளைத் தனியே கழற்றிப் பூட்ட வேண்டும். ஒன்று முதல் வாரமே தொலைந்துபோனது. இறக்கையில் ஒரு சிறிய கறுப்புச் சதுரம் ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்துச் சூடேற்றினால் உள்ளேயிருந்து ஒரு முகம் எழும்: நல்லவர்களின் குறி அல்லது கெட்டவர்களின் குறி. என்னுடையதில் எப்போது தேய்த்தாலும் கெட்டவர்களின் குறிதான் வந்தது. ஒருநாள் மாறிவருமோ என்று தேய்த்துத் தேய்த்தே அதை அழித்துவிட்டேன்.

அதைவிட என்னை இழுத்தது விமானியின் அறை. அதன் கண்ணாடி மூடி திறக்கும். உள்ளே ஓர் இருக்கை. இருக்கையில் யாரும் இல்லை. இருக்கை செய்தவன் ஏன் ஆளைச் செய்யவில்லை என்று மாமாவைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அடுப்படியில் புளி கரைத்து ஒதுக்கிய கொட்டைகளில் ஒன்றைக் கழுவி அந்த இருக்கையில் வைத்தேன். அளவாகப் பொருந்தியது. அவனே என் விமானி.

அந்த இருக்கை ஏன் காலியாக இருந்தது என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் படித்தறிந்தேன். அது முதலில் ஸ்டார்ஸ்க்ரீம் இல்லை. ஜப்பானில் தக்காரா நிறுவனம் டயாக்ளோன் என்ற பெயரில் விற்ற வரிசையில், 1983இல் வந்த ஒரு எஃப்-15 ரோபோ. அந்தக் கதையில் அது தானாக நடக்கும் ஜீவன் அல்ல. மனிதன் ஏறி ஓட்டும் கருவி. மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில், காலில் காந்தம் பதித்த குட்டி விமானிகள் அந்த வரிசைக்கென்றே இருந்தார்கள். அவர்கள் பூமியைத் தாக்கவரும் வேற்றுலகப் பூச்சியினத்தை எதிர்த்துப் போராடுகிறவர்கள். அதாவது, இந்த விமானம் பிறக்கும்போது நல்லவர் பக்கம்.

அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ அந்த அச்சுகளை வாங்கி 1984இல் ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. விற்பதற்கு ஒரு கதை வேண்டும். மாவல் சித்திரக்கதை நிறுவனத்தின் ஜிம் ஷூட்டர் கதைக்கருவை எழுத, பொப் புடியான்ஸ்கி என்பவர் பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் எழுதிக் கொடுத்தார். புதிய கதையில் இயந்திரங்களுக்கே உயிர் உண்டு; ஓட்டுநர் தேவையில்லை. குட்டி விமானி பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டான். இருக்கையை அச்சிலிருந்து எடுப்பது செலவு. அது அப்படியே இருந்துவிட்டது. காலியான அந்த இருக்கைக்கு ஈடாக விமானத்துக்குள் ஒரு மனம் வைக்கப்பட்டது. வஞ்சகம், பொறாமை, தலைவன் மெகாட்ரொனின் இடத்தின் மேல் தீராத ஆசை. மனிதனை இறக்கிவிட்டு அவனுடைய பாவங்களை மட்டும் உள்ளே விட்டுவிட்டார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

ஒரே அச்சில் மூன்று விமானங்கள் வந்தன. சாம்பல் ஸ்டார்ஸ்க்ரீம், நீலத் தண்டர்க்ரக்கர், கறுப்பு ஸ்கைவார்ப். நிறத்தையும் ஒட்டுச்சீட்டையும் தவிர வேறுபாடில்லை. ஆனால் தண்டர்க்ரக்கருக்கு எழுதப்பட்ட குணக்குறிப்பில், தன் அணியின் நோக்கத்தில் அவனுக்கு முழு நம்பிக்கை இல்லை என்று இருக்கிறது. ஐயப்படுவதை அவனுடைய குறைபாடாகக் கருதி எழுதியிருக்கிறார்கள். கொடியவர்களின் கூட்டத்தில் ஐயம் குறைபாடுதான் போலும்.

ஸ்டார்ஸ்க்ரீமுக்கு ஐயம் கிடையாது. 1986இல் வந்த திரைப்படத்தில், காயப்பட்டுக் கிடக்கும் தலைவனை விண்வெளியில் தூக்கி எறிந்துவிட்டுத் தானே முடிசூடுகிறான். எறியப்பட்டவன் வேறு உருவில் திரும்பிவந்து, முடிசூட்டு விழாவிலேயே அவனைச் சாம்பலாக்குகிறான். மாவல் சித்திரக்கதையில் 1989இல் வந்த ஐம்பதாவது இதழில், தாங்க முடியாத ஆற்றலை விழுங்கி, இரு பக்கத்தாரையும் கொன்று குவித்து, அந்த ஆற்றலாலேயே எரிந்துபோகிறான். இரண்டு முடிவுகளிலும் அவனைக் கொண்டுபோனது ஒன்றே: நான் அவனைவிட மேலானவன் என்ற எண்ணம். நமக்குப் பழக்கமான கதைதான். ஆதத்துக்குத் தலைவணங்க மறுத்தவன் சொன்னதும் இதுவே. எங்கள் வீடுகளில் அதற்குப் பெயர் கிபிர்.

கிபிர் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. வடக்கில் இந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் ஆணவம் நினைவுக்கு வராது. 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்துசேர்ந்த இஸ்ரேலிய விமானம்தான் நினைவுக்கு வரும். ஹீப்ருவில் அந்தச் சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று பொருள். இதே கிபிர்களில் 25ஐ 1980களின் நடுவில் அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும் இரவல் வாங்கிப் பயிற்சிகளில் எதிரி விமானமாக நடிக்க வைத்தன. அங்கே வில்லன் வேடம் போட்டது இங்கே வேடம் போடவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது கிபிருக்கு முந்திய காலம். 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. கோட்டையைச் சுற்றி முற்றுகை. எங்கள் சோனகத் தெருவிலிருந்து கோட்டை தூரமில்லை. வானத்தில் வந்தவை எதுவும் என் ஸ்டார்ஸ்க்ரீமைப்போல் அழகாக இருக்கவில்லை. சனம் சியாமாசெட்டி என்று சொன்னது இத்தாலியில் பயிற்சிக்கென்று செய்யப்பட்ட சின்ன விமானம். மெல்ல, கனத்த சத்தத்தோடு வருகிறவற்றுக்குச் சகடை என்று பெயர். ஆட்களையும் சாமான்களையும் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்ட சீனத்து வை-12 போன்ற விமானங்களில் பீப்பாய்க் குண்டுகளை ஏற்றிவந்து உருட்டிவிட்டார்கள். உண்மையில் உருமாறிய விமானங்கள் இவைதாம். ஓர் ஆணிகூட இடம் மாறாமல் உருமாறியவை.

அந்த மாதங்களில் எங்கள் பேச்சிலும் ஒரு குழப்பம் இருந்தது. "பொம்மர் வருது" என்போம். அடித்துவிட்டுப் போனபின் "பொம்மர்க்காரன் அடிச்சுப்போட்டுப் போறான்" என்போம். வரும்போது அது, போகும்போது அவன். பத்திரிகைகளோ எப்போதும் அதுதான்: விமானங்கள் குண்டு வீசின. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததையும் அப்படித்தான் எழுதினோம். விமானம் வீசியது. வாக்கியத்தின் எழுவாயில் மனிதன் இல்லை. அவனை இறக்கிவிடுவதில் நாங்களும் ஹஸ்ப்ரோவுக்குக் குறைந்தவர்கள் இல்லை.

ஓர் இரவு பங்கருக்குள் இருக்கிறோம். சகடையின் சத்தம் தலைக்கு மேல் சுற்றுகிறது. உம்மும்மா தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "உள்ளுக்கு மனிசன் இருந்தா இப்பிடிச் செய்வானாடா?"

அவர் விமானத்தை அருகில் பார்த்தவரில்லை. பஸ்ஸுக்குள் சாரதி இருப்பதைப்போல் விமானத்துக்குள்ளும் ஒருவன் இருப்பான் என்று அவருக்குத் தெரியாமலிருந்திருக்காது. தெரிந்தும் அந்த இருக்கையைக் காலியாக்கினார். மனிதனைப் பற்றித் தான் வைத்திருந்த நல்லெண்ணத்தைக் காப்பாற்றுவதற்காக அவனை அங்கிருந்து எழுப்பிவிட்டார். மறுநாள் காலை நான் என் ஸ்டார்ஸ்க்ரீமின் மூடியைத் திறந்து, புளியங்கொட்டையை எடுத்துப் பங்கர் மண்ணில் எறிந்தேன். என் விமானி கெட்டவனாக இருக்கக் கூடாது. விமானம் வேண்டுமானால் கெட்டதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இது தப்பித்தலா, கருணையா? பத்து வயதில் இந்தக் கேள்வி எனக்குள் இல்லை. அதைக் கொண்டுவந்தது அதே ஆண்டு அக்டோபர் 30.

வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட கதையை இந்தப் பக்கங்களின் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். ஒன்று மட்டும் சொல்வேன். அன்று வானத்தில் எதுவும் இல்லை. எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர்கள் நடந்து வந்தார்கள். அவர்களுக்கு முகம் இருந்தது. ஒருவனை வாப்பாவுக்குத் தெரியும். வாப்பாவின் தையல் கடையில் காற்சட்டை தைத்தவன். அவனுடைய இடுப்பளவு வாப்பாவுக்கு மனப்பாடம். அவன் வாப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்டார்ஸ்க்ரீமுக்குப் பையில் இடமிருக்கவில்லை. உம்மும்மா லொறியில் புத்தளம்வரை ஒன்றும் பேசாமல் வந்தார். 1993இல் முகாமின் ஓலைக் குடிசையில் மௌத்தாகும்வரை, அந்தப் பங்கர்க் கேள்வியை அவர் மறுபடி கேட்டதில்லை.

அதன்பிறகு நான் செய்ததை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அந்தத் தையல்கடைப் பையனின் இருக்கையையும் நான் காலியாக்கினேன். "மேலிடத்து உத்தரவு, அவன் என்ன செய்வான்" என்று சொல்லப் பழகினேன். அப்படிச் சொல்வது பெருந்தன்மை என்று நினைத்தேன். பெருந்தன்மையும் அதில் இருந்திருக்கும். ஆனால் உள்ளே யாரும் இல்லை என்று சொல்லி ஒருவனை மன்னிப்பது அவனை மன்னிப்பதாகுமா? இல்லாத ஆளை எப்படி மன்னிப்பது? மன்னிப்பு என்பது மன்னிக்க ஓர் ஆளைக் கேட்கிறது. இயந்திரத்தை நாம் மன்னிப்பதுமில்லை, தண்டிப்பதுமில்லை; பழுது பார்க்கிறோம், அல்லது இரும்புக்கு விற்கிறோம்.

கருவிக்கு மனம் உண்டு என்று நம் மரபிலும் ஒரு கதை இருக்கிறது. சூரத்துல் ஃபீலுக்கு விளக்கம் எழுதியவர்கள் சொல்வது. கஃபாவை இடிக்க எமனிலிருந்து அப்ரஹா கொண்டுவந்த யானைகளில் முதன்மையானதன் பெயர் மஹ்மூத். மக்காவை நோக்கித் திருப்பினால் அது மண்டியிட்டுவிடும். அடித்தாலும் குத்தினாலும் எழும்பாது. எமனை நோக்கித் திருப்பினால் எழுந்து ஓடும். அந்தக் காலத்தின் மிகப் பெரிய போர் இயந்திரம் அது. யானை முகல்லஃப் இல்லை, மார்க்கத்தின் கடமைகள் அதன்மேல் இல்லை, கேள்விகணக்கு அதற்கில்லை. இருந்தும் மறுத்தது. மேலே இருந்த பாகன், கேள்விகணக்கு உள்ளவன், மறுக்கவில்லை. பறவைகள் கல் எறிந்ததையே நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். எனக்கோ அந்த யானைதான் பெரிது.

வேடிக்கை என்னவென்றால், ஸ்டார்ஸ்க்ரீமின் கதையிலும் ஒரு யானை இருக்கிறது. 1984இல் ஓடிய தொலைக்காட்சித் தொடரில், ஸ்கைஃபயர் என்ற பெரிய வெள்ளை விமானம் பனிக்கட்டிக்குள் புதைந்து கிடந்து கண்டெடுக்கப்படுகிறது. ஸ்டார்ஸ்க்ரீமின் பழைய நண்பன். இருவரும் முன்னொரு காலத்தில் விஞ்ஞானிகள். நண்பனை நம்பி ஸ்கைஃபயர் அவனுடைய அணியில் சேருகிறான். பிடிபட்ட மனிதர்களைக் கொல்லச் சொல்லும்போது மறுக்கிறான். ஸ்டார்ஸ்க்ரீம் அவனைச் சுட்டு வீழ்த்துகிறான். விளையாட்டுச் சாமான் விற்பதற்கென்று எடுத்த தொடரில், ஒரே துறையில் ஒன்றாகப் பறந்த இரண்டு விமானங்களுக்கு இடையிலான வேறுபாடு இதுதான்: ஒன்று மறுத்தது. ஒட்டியிருந்த குறியைத் தேய்த்துப் பார்த்தால் அந்தக் கணத்தில் இரண்டிலும் ஒரே முகம்தான் வந்திருக்கும்.

இங்கேதான் என் பழைய வழக்கு எனக்கே எதிராகத் திரும்புகிறது. விமானியின் இருக்கையை நான் காலியாக்கியபோது, தீமை செய்தவனை மட்டும் இறக்கிவிட்டதாக நினைத்தேன். மறுத்திருக்கக்கூடியவனையும் சேர்த்தே இறக்கிவிட்டேன். 1990இல் சில குண்டுகள் கடலில் விழுந்தன. குறி தவறிவிட்டது என்று சிரித்தோம். எல்லாம் தவறியவைதாமா? கையை ஒரு கணம் தாமதப்படுத்தியவன் எவனும் இருந்திருக்க மாட்டானா? அதை அறிய வழியில்லை. விழாத குண்டுக்குச் சத்தம் கிடையாது. மறுத்தவன் தன் மேலிடத்துக்கும் அதைச் சொல்லியிருக்க மாட்டான். அப்படி ஒருவன் இருந்தான் என்று நான் சொல்லவரவில்லை. "கிபிர் அடித்தது" என்ற வாக்கியத்தில் அவனுக்கு இடமே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இருக்கையில் ஆளை ஏற்றுவது எதிரியின் விமானத்துக்கு மட்டும் என்றால் இதற்குப் பெரிய மதிப்பில்லை. ஸ்டார்ஸ்க்ரீமின் உடலான எஃப்-15 இஸ்ரேலிடமும் இருக்கிறது, சவூதியிடமும் இருக்கிறது. 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவின் வானத்தில் அது என்ன செய்தது என்று நாம் வெள்ளிக்கிழமைதோறும் அழுது துஆக் கேட்டோம். 2015 மார்ச்சிலிருந்து எமனின் வானத்தில் அதே விமானம் பறந்தபோது நம் மிம்பர்கள் பெரும்பாலும் மௌனமாக இருந்தன. அந்த விமானி சுபஹ் தொழுதுவிட்டே ஏறியிருக்கலாம். மாமா எனக்கு வாங்கிவந்த நாட்டின் விமானம். ஆகவே குறியைத் தேய்த்துப் பார்க்க நமக்கு மனமில்லை.

என்னையும் விட்டுவிட முடியாது. 2007 மார்ச் 26 அதிகாலை, விடுதலைப் புலிகளின் இலகு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டன. செக் நாட்டில் தயாரான சின்னப் பயிற்சி விமானங்கள்; இன்னொரு உருமாற்றம். அன்று காலை புத்தளத்தில் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, எங்களை ஊரைவிட்டு அனுப்பியது யார் என்று தெரிந்த எனக்குள்ளேயே, "எங்கட யாழ்ப்பாணத்து ஆக்கள் பிளேன் விட்டிட்டாங்கள்" என்று ஒரு குதூகலம் ஒரு கணம் எழும்பியது. தளத்தில் மூன்று பேர் இறந்ததாக அடுத்த செய்தியில் சொன்னார்கள். அந்த ஒரு கணத்தை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது விமானத்திலிருந்து விமானியை உண்மையிலேயே இறக்கிவிட்டார்கள். ஆளில்லா விமானம் என்கிறோம். ஆள் இருக்கிறார், நெவாடாவில் ஓர் அறையில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாளை அந்தக் கதிரையிலும் ஆள் தேவைப்படாமல் போகலாம். இலக்கைத் தேர்ந்தெடுக்கும் கணினிகள் வந்துகொண்டிருக்கின்றன. அப்போதும் யாரோ ஒருவர் அதற்குக் குணக்குறிப்பு எழுதிக் கொடுத்திருப்பார். மஹ்ஷரில் கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று யாசீன் ஓதும்போதெல்லாம், அந்த வரிசையில் இறக்கைகளும் நிற்குமா என்று நினைத்துக்கொள்வேன். நின்றாலும் அவை சாட்சிக் கூண்டில்தான் நிற்கும். குற்றவாளிக் கூண்டில் நிற்க இன்னொருவர் வேண்டும்.

குறிகட்டுவானில் எண்ணூற்றைம்பது ரூபா கொடுத்து அதை வாங்கினேன். மகன் துறைச் சுவரில் உட்கார்ந்து அதை மடக்கியும் விரித்தும் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"வாப்பா, இதுல மூடி திறக்கேல்ல. கறுப்புப் பெயின்ற்தான் அடிச்சிருக்கு."

"என்னுடையதில் திறக்கும்."

"உள்ளுக்கு ஆர் இருந்த?"

"ஒரு புளியங்கொட்டை."

அவன் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "அது நல்லவனா கெட்டவனா?" என்று கேட்டான்.

நயினாதீவு ஆக்கள் ஏறுங்கோ என்று படகிலிருந்து கூப்பிட்டார்கள். அலை இருந்தது. ஒரு கையால் அவனையும் மறு கையால் பையையும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். விமானம் அவன் பற்களுக்கு நடுவில் இருந்தது.